பிஸ்கட் டின்னில் இருந்த கணக்கு: சாட்ஸ்வர்த்தில் ஒரு வீடு கைமாறியது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டுக்கு 2024 ஜூலையில் விலை பேசி முடித்தார்கள். வாங்கியவர் பெயருக்குப் பத்திரம் மாறியது நவம்பர் நடுவில். இடையில் போன நான்கு மாதத்தில் அந்த வீட்டை எத்தனை பேர் சோதித்தார்கள், என்ன சோதித்தார்கள், எதை யாருமே பார்க்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வு. நான் உள்ளே வந்தது செப்டம்பரில், கோவிலில் பழக்கமானவர் என்ற உரிமையில் வீட்டுக்கார அண்ணா கூப்பிட்டதால். மின்சாரம் எனக்குத் தொழில், ஆனால் இந்த வீட்டில் நான் கூலிக்கு வேலை செய்யவில்லை. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டேன். அண்ணாவின் அம்மாவைப் பெரிமா என்றே எழுதுகிறேன். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் பெரியம்மா என்பது அப்படித்தான் தேய்ந்து நிற்கிறது.

பெரிமாவுக்கு அப்போது 76 வயது. மேகசின் பாரக்ஸில் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். 1960களில் அங்கிருந்தவர்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து வைத்தபோது கிடைத்த நகராட்சி வீடு இது. ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீட்டின் இடப்பாதி. முன்பகுதிக்குக் கல்நார் கூரை. பின்னால் தொண்ணூறுகளில் கட்டிச் சேர்த்த இரண்டு அறைகளுக்குத் தகரக் கூரை. அந்தக் கூரைக்குக் கீழேதான் கீசர், அதே கூரையின் மேல்தான் சோலார் பேனல்கள். கிழக்கே ஒரு பெரிய மாமரம். இந்த மரம் கதையில் மறுபடி வரும்.

வீட்டை விற்கும்போது என்னென்ன காகிதம்

தென்னாப்பிரிக்காவில் வீடு விற்பவர் எடுத்துக்கொடுக்க வேண்டிய சான்றிதழ்களில் முக்கியமானது மின்சாரச் சான்றிதழ். எல்லோரும் சி.ஓ.சி. என்பார்கள். 2009ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகள்படி, வீடு கைமாறும்போது அந்தச் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது. நடுவில் வயரிங்கில் ஏதாவது சேர்த்திருந்தால் அதற்கும் சான்று வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்த விதிகள் 1993ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பெரிமாவின் சமையலறையும் ஒரு தொழிற்சாலையும் ஒரே சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

அடுத்தது எரிவாயு. லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய காலத்தில் பாதி டர்பன் கேஸ் அடுப்புக்கு மாறியது, இந்த வீடும் மாறியிருந்தது. சிலிண்டரிலிருந்து குழாய் இழுத்து அடுப்பு பொருத்தியிருந்தால் வீடு கைமாறும்போது அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். மின்வேலி இருந்தால் அதற்கும் வேண்டும், இங்கே வேலி இல்லை. பிறகு மரவண்டுச் சான்றிதழ். இது சட்டத்தில் இல்லை. கடற்கரை ஊர்களில் கூரை மரத்தை வண்டு துளைக்கும் என்பதால் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்து விற்பனை ஒப்பந்தங்களில் வழக்கமாகவே ஒரு வரியாக நின்றுவிட்டது. கடைசியாக நகராட்சிப் பாக்கி இல்லை என்ற சான்று.

இவற்றோடு 2022 பிப்ரவரி 1 முதல் இன்னொன்றும் சேர்ந்தது. சொத்துத் தரகர் சட்டம் அமலுக்கு வந்தபின், வீட்டில் தனக்குத் தெரிந்த குறைகளை விற்பவர் ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்ற ஒரே டச்சுச் சொல்லை வைத்து, இருப்பது இருக்கிறபடியே என்று தள்ளிவிட முடிந்தது. படிவத்தில் கூரை உண்டு, மின் இணைப்பு உண்டு, குழாய் உண்டு.

இத்தனை காகிதத்தில் எதிலும் இந்த வீடு மாதம் எத்தனை யூனிட் தின்கிறது என்ற கேள்வி இல்லை.

சலுகை வந்தது, வீட்டுக்கு வரவில்லை

பேனல்கள் ஏறியது 2024 பிப்ரவரி கடைசி வாரத்தில். அந்த அவசரத்துக்குக் காரணம் வரிச்சலுகை. லோட்ஷெட்டிங் உச்சத்தில் இருந்த 2023இல், வீட்டுக்கூரையில் புதிதாகச் சோலார் போடும் தனிநபருக்குச் செலவில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட், வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை மட்டும். ஒவ்வொரு பேனலும் குறைந்தது 275 வாட் இருக்க வேண்டும், புதிதாக இருக்க வேண்டும், சி.ஓ.சி. இருக்க வேண்டும்.

விளம்பரத்தில் யாரும் பெரிதாகப் போடாத வரி ஒன்று உண்டு. 25 சதவீதம் என்பது பேனல் விலைக்கு மட்டும். இன்வெர்ட்டருக்குக் கிடையாது, பேட்டரிக்குக் கிடையாது, கூலிக்கும் கிடையாது. இந்த வீட்டுக்கு மொத்தச் செலவு 1,45,000 ராண்ட். அண்ணா மனக்கணக்கில் 15,000 ராண்டைத் திரும்பி வரும் பணமாக வைத்திருந்தார். ரசீதைப் பிரித்துப் பார்த்தால் 540 வாட் பேனல் எட்டு, ஒன்று 3,500 ராண்ட் வீதம் 28,000. அதில் கால்பங்கு 7,000 ராண்ட். முழு 15,000 கிடைக்க வேண்டுமானால் பேனல் மட்டுமே 60,000 ராண்டுக்கு வாங்கியிருக்க வேண்டும். இந்தக் கூரையில் அவ்வளவு இடமே இல்லை.

அந்த 7,000மும் வரவில்லை. வீடு பெரிமா பெயரில் இருப்பதால் ரசீதும் அவர் பெயரிலேயே போடச் சொல்லியிருந்தார்கள். பெரிமா வாங்குவது முதியோர் உதவித்தொகை. அந்த வரி ஆண்டில் 75 வயது நிறைந்தவருக்கு 1,65,689 ராண்ட் வருமானம் வரை வரியே கிடையாது. இந்தச் சலுகை கட்ட வேண்டிய வரியில் கழிப்பது. வரியே இல்லாதவருக்குக் கழிக்க எதுவும் இல்லை. பணம் கொடுத்தது மகன், வரி கட்டுவதும் மகன், ஆனால் காகிதம் அம்மா பெயரில். "வீடு அம்மாவோடது, பில் மட்டும் என் பேருல இருந்தா நல்லாவா இருக்கும்னு நெனச்சேன்" என்றார் அண்ணா. நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம்.

பேனல் ஏறி ஒரு மாதத்தில், மார்ச் 26ஆம் தேதி, லோட்ஷெட்டிங் நின்றது. பிறகு பத்து மாதம் எட்டிப்பார்க்கவே இல்லை. அண்ணா இதைச் சொல்லும்போது சிரித்தார், அண்ணி சிரிக்கவில்லை.

சோதனையில் தோற்ற வீடு

செப்டம்பர் இரண்டாம் வாரம் பதிவு பெற்ற எலக்ட்ரீசியன் ஒருவர் வந்து பார்த்தார். "பிப்ரவரியில் எடுத்த சி.ஓ.சி. இருக்கிறதே" என்று அண்ணா நீட்டினார். அவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சோலாருக்காகப் புதிதாகப் போட்ட இணைப்புகளுக்கு மட்டுமான துணைச் சான்று அது. முழு வீட்டுக்கும் கடைசியாகச் சான்றிதழ் எடுத்தது எப்போது என்று யாருக்கும் நினைவில்லை.

நான்கு இடத்தில் வீடு தோற்றது. சமையலறைப் பிளக் லைனில் 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளந்தபோது 0.3 மெகாஓம் காட்டியது, குறைந்தது 1 வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கூரை ஒழுகி, வயர் போகும் குழாய்க்குள் இறங்கிய ஈரம் அதை அரித்திருந்தது. பின்கட்டு அறைகளின் பிளக்குகள் எர்த் லீக்கேஜ் என்ற பாதுகாப்பு சுவிட்ச் வழியாகவே போகவில்லை, அங்கே ஷாக் அடித்தால் எதுவும் ட்ரிப் ஆகாது. கீசரின் குழாய்கள் எர்த்தோடு இணைக்கப்படவில்லை. நான்காவதுதான் என்னைக் கலங்கடித்தது. நகராட்சி மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் சேரும்படி செய்திருக்கவில்லை. அப்படி இருந்தால் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் சுவரில் சும்மா உட்கார்ந்திருக்கும், வேலை செய்யாது. மின்வெட்டுக்காகவே வாங்கிய கருவி, மின்வெட்டு நேரத்தில்தான் ஆபத்தாக இருந்திருக்கிறது. அந்தத் துணைச் சான்றைக் கொடுத்தவர் இதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சரிசெய்ய 11,400 ராண்ட் ஆனது. அந்தப் பணம் செலவானதில் எனக்கு வருத்தம் இல்லை. வீடு விற்கும்போது கட்டாயச் சோதனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த நான்காவது குறை ஒன்றே போதும்.

வாங்குபவர் கேட்ட கேள்வி

வாங்குபவர்கள் இளம் தம்பதி. ஏஜென்ட் விளம்பரத்தில் முதல் சொல்லே "சோலார் வீடு". விலை பேசி முடித்த பின்தான் அந்தப் பெண் கேட்டார்: "சோலார் இருக்கிறதே, கரன்ட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது?" ஏஜென்ட் அண்ணாவைப் பார்த்தார். அண்ணா பெரிமாவைப் பார்த்தார். ப்ரீபெய்ட் மீட்டர், மாத பில் என்று எதுவும் வருவதில்லை. அண்ணா ஒரு நாள், அண்ணி ஒரு நாள், தெருமுனைக் கடையில் பேரன் ஒரு நாள் என்று டோக்கன் வாங்குவார்கள்.

பெரிமா எழுந்து உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் டோக்கன் சீட்டுகள், மாதத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட். மீட்டரில் அடிக்கும் இருபது இலக்க எண் மங்கிப்போன சீட்டுகளைக்கூட எறியவில்லை. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "தாத்தா இருந்தப்போ ரெண்ட் சீட்டெல்லாம் வைப்பாரு, தம்பி. நான் இத வைக்கிறேன்."

தரையில் உட்கார்ந்து ஒன்றரை ஆண்டுச் சீட்டுகளைக் கூட்டினேன். பேனல் வருமுன் பன்னிரண்டு மாதங்களில் சராசரி மாதம் 610 யூனிட். வந்தபின் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 455. எட்டு பேனல் சேர்ந்தால் 4.32 கிலோவாட். நன்றாக வைத்திருந்தால் டர்பன் வெயிலுக்கு மாதம் 500 யூனிட் பக்கம் கொடுக்க வேண்டியது. 1,45,000 ராண்ட் போட்டு மிச்சம் பிடித்தது 155.

ஏன்? காரணங்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தன. நம்மூரில் பேனலைத் தெற்குப் பார்த்து வைப்போம், பூமியின் இந்தப் பக்கத்தில் வடக்குப் பார்த்து வைக்க வேண்டும். வடக்குச் சரிவு கல்நார். அதில் துளை போட்டால் இழை பறக்கும், 2020 முதல் கல்நார் வேலைக்கு விதிகளும் கடுமை. ஆகவே பின்கட்டுத் தகரத்தில், கிழக்குப் பார்த்து வைத்துவிட்டார்கள். பத்து மணி வரை மாமர நிழல். பகலில் வீட்டில் பெரிமா மட்டும், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு டி.வி. பேட்டரி நிறைந்தபின் பேனல் சும்மா காய்கிறது. வீட்டிலேயே அதிகம் தின்னும் கீசரையோ சோலார் பக்கம் இணைக்கவே இல்லை. அது நகராட்சி மின்சாரத்தில், இஷ்டப்பட்ட நேரத்தில், விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

கீசருக்கு ஒரு சனி ஞாயிறு

வீடு எங்கே ஆற்றலை வீணாக்குகிறது என்று பார்ப்பதுதான் ஆற்றல் தணிக்கை. குளிர்நாடுகளில் அது சுவர், ஜன்னல், கதவிடுக்குக் காற்று என்று போகும். டர்பனில் வீட்டைச் சூடாக்கும் வேலையே கிடையாது. இங்கே தணிக்கை என்றால் முதலில் சுடுதண்ணீர்தான். 150 லிட்டர் கீசரை 20 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற 7 யூனிட் வேண்டும். நான்கு பேர் குளிக்கும் வீட்டில் நாள்தோறும் அந்த அளவு போகும். ஆனால் யாருமே குளிக்காவிட்டால்?

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை குடும்பம் பூஜைக்காகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மகள் வீட்டுக்குப் போனது. கீசர் வயரில் பதிவு செய்யும் மீட்டர் ஒன்றை மாட்டிவிட்டு, சுடுதண்ணீர்க் குழாய் எதையும் திறக்காமல் விடச் சொன்னேன். ஞாயிறு அதே நேரத்துக்கு வந்து பார்த்தேன். 24 மணி நேரத்தில் 2.9 யூனிட், ஒரு சொட்டுத் தண்ணீர் செலவாகாமல். மேலே ஏறித் தொட்டால் உருளையின் உலோகம் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது, வெளியே வரும் செம்புக்குழாயைப் பிடிக்க முடியவில்லை. தெர்மோஸ்டாட் 70இல் நின்றது. மாதம் 87 யூனிட், கூரைக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்க.

சான்றிதழ் வேலைக்கு வந்த எலக்ட்ரீசியனையே கேட்டு, அக்டோபர் 5ஆம் தேதி மூன்று காரியம் செய்தோம். தெர்மோஸ்டாட்டை 60க்கு இறக்கினோம், அதற்கு ரொம்பக் கீழே போனால் தேங்கிய தண்ணீரில் கிருமி வளரலாம். சூடு வெளியே போகாதபடி கீசருக்குப் போர்வையும் குழாய்களுக்கு உறையும் போட்டோம். கீசரைச் சோலார் பக்கம் மாற்றி, பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை மட்டும் ஓடும்படி டைமர் வைத்தோம். கீசர் 3 கிலோவாட், இன்வெர்ட்டர் 5 கிலோவாட், தாங்கும். எல்லாம் சேர்த்து 2,000 ராண்டுக்குள். புது இணைப்பையும் அவர் சி.ஓ.சி.யிலேயே சேர்த்தார். அடுத்த ஒரு மாதம் வாங்கிய டோக்கன் 268 யூனிட். பெரிமாவுக்கு ஒரு குறை மட்டும்: இரவு கடைசியாகக் குளிப்பவருக்குத் "தண்ணி அவ்வளவா சுடலை".

1,45,000 ராண்ட் செய்ததைவிட 2,000 ராண்ட் அதிகம் செய்தது என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய்க்கணக்கு. பேனல் இல்லாமல் டைமர் மட்டும் இருந்தால் போர்வையின் மிச்சம்தான் கிடைத்திருக்கும். பேனல் வீணாக்கிக்கொண்டிருந்ததை டைமர் பிடித்துக்கொண்டது. நான் சொல்ல வருவது வேறு. அரசுச் சலுகை வந்தது பேனலுக்கு. போர்வைக்கும் டைமருக்கும் சலுகையும் இல்லை, சான்றிதழில் இடமும் இல்லை.

பக்கத்துப் பாதி

சுவரைப் பகிரும் வலப்பாதி வீட்டில் 2011இல் அரசு மின் நிறுவனமான எஸ்காம் தந்த தள்ளுபடியில் போட்ட சோலார் கீசர் இன்னும் கூரையில் நிற்கிறது. 2014க்குள் பத்து லட்சம் சோலார் கீசர் என்று நாடே பேசிய காலம் அது. ஒரு மாடல் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாளில் எவ்வளவு வெப்பம் தருகிறது என்று அளந்து, அந்த எண்ணை வைத்துத் தள்ளுபடி கணக்கிட்டார்கள். நல்ல முறைதான். ஆனால் அளந்தது ஆய்வுக்கூடத்தில் இருந்ததை, கூரையில் இருப்பதை அல்ல. பக்கத்து வீட்டுக் கீசரில் மூன்று கண்ணாடிக் குழாய் உடைந்து பல ஆண்டாகிறது. உதவிக்கு வைத்த மின்சூடாக்கிக் கம்பிதான் முழு வேலையும் பார்க்கிறது. அந்த அண்ணன் என்னிடம், "எங்களுக்குச் சுடுதண்ணி ஃப்ரீ" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை.

கட்டாயத் தணிக்கை வேண்டுமா

பிரான்சில் 2006 நவம்பர் முதல் வீடு விற்பவர் ஆற்றல் சான்றிதழ் காட்ட வேண்டும். 2023 ஏப்ரல் முதல், மிக மோசமான எஃப், ஜி வகுப்புத் தனிவீடுகளுக்கு அங்கே முழுத் தணிக்கையே கட்டாயம். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் 1999 முதலே விற்பனை விளம்பரத்தோடு வீட்டின் ஆற்றல் மதிப்பீடும் வர வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஏ முதல் ஜி வரை தரம் காட்டும் சான்றிதழ் 2020 டிசம்பரில் வந்தது, ஆனால் அலுவலகம், பள்ளி, அரங்கம் போன்றவற்றுக்கு மட்டும். தனியார் என்றால் 2,000 சதுர மீட்டருக்கு மேல், அரசு என்றால் 1,000க்கு மேல். இரண்டு ஆண்டுக் கெடு கொடுத்து, பிறகு அதை 2025 டிசம்பர் 7 வரை தள்ளினார்கள். புதிதாகக் கட்டும் வீட்டுக்கு 2011 முதல் ஒரு விதி உண்டு: சுடுதண்ணீரில் பாதியாவது சாதாரண மின்சூடாக்கிக் கம்பியால் சூடாக்கப்படாததாக இருக்க வேண்டும். 1960களின் வீட்டை அது தொடாது, விற்றாலும் தொடாது.

அதற்காகச் சாட்ஸ்வர்த்தில் வீடு விற்பவர் தலையில் இன்னொரு முழுத் தணிக்கையை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலுவலகக் கட்டடங்களுக்கே கெடுவைத் தள்ளிய நாட்டில், பெரிமாவின் வீட்டுக்கு யார் வருவார்கள், எவ்வளவு பணம் வாங்குவார்கள்? எலக்ட்ரீசியன்தான் ஏற்கெனவே கூரைக்குள் தலையை விட்டிருக்கிறாரே. அவர் நிரப்பும் சி.ஓ.சி.யில் அரைப்பக்கம் கூட்டினால் போதும்: கீசர் எத்தனை லிட்டர், என்ன வயது, தெர்மோஸ்டாட் எத்தனையில், போர்வை உண்டா, சோலார் இருந்தால் கீசர் எந்தப் பக்கம், கடந்த பன்னிரண்டு மாத யூனிட் எவ்வளவு. கடைசிக் கேள்விக்கு நகராட்சியிடமே பதில் இருக்கிறது. பாக்கி இல்லை என்ற சான்றை அச்சடிக்கும்போது அந்த எண்ணையும் ஒரு வரியாக அச்சடிக்கலாம்.

தரகர் படிவத்தில் குறை என்ற பத்தியில் இன்னும் எதைச் சேர்க்கலாம் என்று அண்ணா என்னிடம் யோசனை கேட்டார். "கிழக்குப் பார்த்த பேனல், பத்து மணி வரை மர நிழல்" என்று எழுதச் சொன்னேன். ஏஜென்ட்டுக்குப் பிடிக்கவில்லை, இது குறையா என்றார். எழுதினோம். வாங்குபவர்கள் அதைப் படித்தும் பேசிய விலையைக் குறைக்கவில்லை. சீட்டுக் கணக்கின் நகலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

புதுவீட்டுக்காரர்கள் குடிவந்து இரண்டு வாரம் கழித்து வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார்கள். காலை ஒன்பது மணி, எட்டில் ஐந்து பேனல் மேல் மாமரத்தின் நிழல். ஒரு கிளையை மட்டும் வெட்டினால் போதுமா, பெரிமாவுக்கு வருத்தமாக இருக்குமா என்று கேட்டிருந்தார்கள். பெரிமாவுக்குப் போன் செய்து கேட்டேன்.

"காய் எறங்கட்டும்னு சொல்லு," என்றார். "பொங்கலுக்கப்புறம் வெட்டிக்கட்டும்."